ஆசியர் தேவை

1

சென்ற வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. நீளமான வெள்ளை உறை, முன்பக்கத்தில் அரசாங்கக் கடிதங்களுக்கே உரிய சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் என் பெயரைக் கண்டால் உடனே பிரிக்கமாட்டேன், இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பேன். கனடாவில் மொன்றியலுக்கு வந்து பதினைந்து வருடமாகிறது, கடவுச்சீட்டும் கைக்கு வந்துவிட்டது. இருந்தாலும் யாரோ எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது.

வழக்கம்போல மகன் கபிலனைக் கூப்பிட்டேன். எனக்குப் பிரெஞ்சு பேச வரும், வாசிக்க வராது. அவனுக்குப் பதினான்கு வயது. பாட்டுக் கேட்கக் காதில் மாட்டியிருந்ததில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, ஒரு பக்கக் கடிதத்தை ஒரே வரியாகச் சொன்னான்: எலும்புக்குள் இருக்கும் மச்சையைக் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியலில் நான் இருக்கிறேனாம், முகவரி மாறவில்லையே என்று கேட்கிறார்களாம். அவன் என்னுடன் பேசுவது பிரெஞ்சில், நான் பேசுவது தமிழில். இருவருக்கும் விளங்கும், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நீங்கள் ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று கேட்டான். வேலையிடத்து நத்தலிக்காகச் சேர்ந்தேன் என்றேன். அவள் கொரியாவில் பிறந்தவளாயிற்றே, நீங்கள் எப்படி என்றான். அது பெரிய கதை என்று தொடங்கினேன். கழற்றியது திரும்பக் காதுக்குள் போய்விட்டது. அவன் கேட்காத கதையை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். அரைமணி நேரமாக எழுந்து எழுந்து நடந்துவிட்டேன். உட்கார்ந்து எழுதுவது எனக்கு வராத வேலை.

2

நான் வேலை செய்வது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுஸில். கப்பலில் வந்திறங்கும் கொள்கலன்களைத் திறந்து, பெட்டிகளை இறக்கி, கடைகளுக்குப் பிரித்து அனுப்புவோம். காற்றாடி, சப்பாத்து, சோறு சமைக்கும் மின்பானை, பிளாஸ்டிக் கதிரை. முக்கால்வாசிப் பெட்டிகளில் கட்டம் கட்டமாகவோ வட்டம் வட்டமாகவோ எழுத்துகள் இருக்கும். எது எந்த நாட்டு எழுத்து என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் மேற்பார்வையாளர் நத்தலி. வேலைக்குப் போன முதல் நாள், ஒரு பெட்டியைக் காட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். பெட்டியைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்துவிட்டு, உனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும் என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்பது பின்னேரம் பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது.

அவளை இரண்டு வயதில் கொரியாவிலிருந்து தத்தெடுத்து வந்தவர்கள் சாகனேப் பக்கத்தில் பால்பண்ணை வைத்திருந்த கெபெக் மாகாணத்து வெள்ளைக்காரக் குடும்பம். தகப்பன் இருந்தவரை அவரோடு காட்டுக்குப் போய் மூஸ் மான் சுடுவாள். மேசின் ஓடும் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி கெட்டவார்த்தை பேசுவாள். வெயர்ஹவுஸில் இருந்த நாங்கள் ஐந்தாறு தமிழர் எங்களுக்குள் அவளைச் 'சீனத்தி' என்றுதான் சொல்வோம். அவளுக்கு அது தெரியாது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எனக்கு விரல் நசுங்கியபோது, இழப்பீட்டுக்கு எழுதப்போன இடத்தில் நான் படிவத்தைப் பிழையாக நிரப்பிவிட்டேன் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் தடவை நத்தலி கூடவே வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலகப் பெண்ணிடம் அவள் பேசிய பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள். எனக்காக இந்த நாட்டில் முதன்முதல் குரலை உயர்த்தியவள் அவள்தான்.

ஒரு ஐப்பசி மாதம் அவள் கைகள் அங்கங்கே கன்றி நீலம் பாரித்தன. பெட்டி பட்டிருக்கும் என்று நினைத்தோம். இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து கொஞ்ச மாதம் தாக்குப்பிடிக்கும், அதற்குள் பொருத்தமான ஒருவரின் எலும்பு மச்சை கிடைத்து அவள் உடம்பில் ஏற்றவேண்டும். இல்லையென்றால் அடுத்த கோடையை அவள் பார்ப்பது சந்தேகம். அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது.

3

நத்தலியைத் தத்தெடுத்த தாய் மதாம் லிசெத் ஒருநாள் வெயர்ஹவுஸுக்கே வந்தார். புருஷனை இழந்தவர், எழுபதை நெருங்கும் வயது, பனிச் சப்பாத்து. கையில் ஒரு கட்டு நோட்டீஸ். மேலே பெரிய எழுத்தில் 'ஆசியர் தேவை' என்று இருந்தது. கீழே நத்தலியின் படம். ஆசியர்களிடம்தான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பாம், ராஜ், உனக்கு ஆசியர் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எனக்கு ஆசியரைத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அந்த நோட்டீஸை சென்-மிஷேல் பகுதியில் உள்ள எங்கள் தமிழ்க் கடைகளில் ஒட்டினேன். கோயிலில் சொன்னேன், மாதா கோயிலிலும் சொன்னேன். மொன்றியல்-நோர் பகுதியில் இருந்த திருகோணமலைக்காரர் ஒருவர் தன் வான் வண்டியில் இரண்டு தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டுவந்தார். என் மனைவி சாந்தி வடை சுட்டாள். ஒரு ஞாயிறு காலை, பனி கொட்டிக்கொண்டிருக்க, இதற்கென்று எடுத்த மண்டப வாசலில் நாற்பத்தொரு தமிழர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம்.

இரத்தம் எடுக்க வந்த தாதி கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் எங்கே என்றார். மற்றவர்கள் யார் என்று நான் கேட்டேன்.

அவர் நல்ல மனுஷி. கேலி செய்யவில்லை. இந்த ஊரில் ஆசியர் என்று சொன்னால் சீனா, கொரியா, வியட்நாம் முகங்களைத்தான் நினைப்பார்கள், நோட்டீஸில் அதைத் தெளிவாக எழுதாதது பிழை என்றார். எங்கள் உடம்பின் உயிர்க்கலங்களில் சில அடையாளங்கள் இருக்கின்றனவாம். தாய் பாதி, தகப்பன் பாதி கொடுப்பது. கூடப்பிறந்த ஒருவரோடு அவை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. வெளியே தேடுவதென்றால், முன்னோர் நெடுங்காலம் ஒரே நிலத்தில் கலந்து வாழ்ந்த ஆட்களுக்குள்தான் தேடவேண்டும். அதற்கு ஆசியா என்ற சொல் அளவுக்கு மிஞ்சிப் பெரியது. முகம்கூட உதவாது. தென்சீனத்து ஆள் ஒருவர் வடசீனத்து ஆளைவிட வியட்நாம்காரருக்குக் கிட்டவாக இருக்கலாம், கொரியர்களுக்கு அயல் யப்பானியர் என்று விரித்துச் சொன்னார். நான் அதை வரிசைக்கு மொழிபெயர்த்தேன்.

திருகோணமலைக்காரர் மரியதாஸ் அண்ணன் மடித்த கையை இறக்கவில்லை.

"அப்ப நாங்க எந்தக் கண்டம் தம்பி? இஸ்கூல்ல படிச்சதெல்லாம் பொய்யா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. யாரும் திரும்பிப் போகவில்லை. பட்டியலில் தமிழர் மிகக் குறைவு, என்றாவது உங்கள் ஆட்கள் ஒருவருக்குத் தேவைப்படும் என்று தாதி சொல்லி, நாற்பத்தொரு பேரிடமும் இரத்தம் எடுத்தார். வடையும் சாப்பிட்டார். நத்தலிக்கு மட்டும் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

4

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருமுனையில் தெப்பனோர் வைத்திருக்கும் மனிதரிடம் போனேன். பால், சிகரெட், லொத்தர் சீட்டு விற்கும் கடை. எட்டு வருடமாக அவரிடம் வாங்குகிறேன், அவர் சீனர் என்பது என் எண்ணம். நோட்டீஸைப் பார்த்துவிட்டு, நான் வியட்நாம், இந்தப் பெண் கொரியா, உன்னைப் பஞ்சாபி என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். என்னை ஒவ்வொரு நாளும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். சிரித்தார். கடையை மகளிடம் விட்டுவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தார். பொருந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் பெருமையாக நத்தலியிடம் சொன்னேன். அவளுக்குத் தலைமயிர் கொட்டிவிட்டது, கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். கோபம் வந்துவிட்டது. என் படத்தைத் தெருத்தெருவாகக் கொண்டு திரியாதே, எனக்குக் கொரியர் ஒருவரையும் தெரியாது, அவர்கள் நடுவில் நின்றால்தான் நான் இன்னும் அந்நியமாகத் தெரிவேன் என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"உன் அம்மா யார் என்று உனக்குத் தெரியும், ராஜ். அதனால் உனக்கு இது ஒரு வேலை. எனக்கு அப்படி இல்லை."

நான் வெளியே வந்து மெத்ரோ ரயில் நிலையம் வரை நடந்து, அங்கே படியிறங்காமல் அடுத்த நிலையம் வரை நடந்தேன். அவள் சொன்னது சரி. எனக்கு அது ஒரு வேலையாகத்தான் இருந்தது, ஓடியாடித் திரிவதற்கு ஒரு சாட்டு. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் செத்துப்போவாள் என்று பயமாக இருந்தது.

நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு கொரியச் சபை இருந்தது. மதாம் லிசெத்தும் நானும் போனோம். பாஸ்டர் எங்களை உட்காரவைத்து முதலில் சூப் தந்தார். அடுத்த ஞாயிறு அவருடைய சபையில் அறுபது பேர் இரத்தம் கொடுத்தார்கள். ஒருவருடையதும் முழுதாகப் பொருந்தவில்லை.

பாஸ்டர்தான் வேறு வழி சொன்னார். கொரியாவில் குடும்பங்களுக்கு வம்சப் புத்தகம் உண்டாம். தகப்பன் வழியாகப் பல தலைமுறைப் பெயர்கள் இருக்குமாம், பெண்பிள்ளைகளை ஒழுங்காக எழுதுவதில்லையாம். இந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்திலும் இருக்கமாட்டாள், ஆனால் தத்துக் கொடுத்த நிறுவனத்தில் ஒரு கோப்பு இருக்கும் என்றார். மதாம் லிசெத்திடம் இருந்த தாளில், பொலிஸ் நிலைய வாசலில் கிடந்த பிள்ளை, பெற்றோர் தெரியாது என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினார்கள் என்று பாஸ்டர் சொன்னார். மதாம் லிசெத் சூப்பைக் கீழே வைத்துவிட்டார்.

5

பாஸ்டர் கொரிய மொழியில் கடிதம் எழுதினார். நிறுவனத்திடம் உண்மையில் ஒரு முகவரி இருந்தது. பெற்றோர் ஏழைகள், மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த பிள்ளை. தகப்பன் இறந்துவிட்டார், தாய் இருக்கிறார். நிறுவனம் தாய்க்குத் தந்தி அனுப்பியது, அங்கே இப்போதும் அதுதான் வழக்கமாம். பதில் வரும்வரை நாங்கள் பெட்டி இறக்கினோம். பதில் வந்தது. அப்படி ஒரு பிள்ளை தனக்கு இல்லை என்று தாய் சொல்லிவிட்டார்.

இதை நத்தலியிடம் சொல்வதா விடுவதா என்று மதாம் லிசெத் என்னிடம் கேட்டார். நான் விடச் சொன்னேன். அவர் சொல்லிவிட்டார். என் மகளிடம் ஒருமுறை பொய்த்தாள் கொடுத்தார்கள், அது போதும் என்றார். பனி உருகத் தொடங்கியிருந்தது. மருந்து முன்போல் கேட்கவில்லை என்று டொக்டர் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து பாஸ்டர் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். தாய்க்கு வந்த தந்தியைக் கண்டுவிட்ட மூத்த மகள் தானாகவே நிறுவனத்துக்குப் போயிருக்கிறாள். இரத்தம் பரிசோதித்திருக்கிறார்கள். எல்லா அடையாளங்களும் பொருந்திவிட்டன. நான் கையில் இருந்த பெட்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பின்னேரம் அதை லொறிக்காரன் தேடித் திட்டினான்.

ஒரு கடிதமும் வந்தது. ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் வாயை மூடிய துணியோடு நிற்க, பாஸ்டர் அதை மெதுவாகப் பிரெஞ்சில் வாசித்தார். நான் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"அம்மா மறுத்துவிட்டார். அவரைக் கோபிக்கவேண்டாம். நான் மூத்தவள். அப்போது எனக்கு ஏழு வயது. உன்னை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான்தான். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உன்னைக் கட்டும் துணி மட்டும் கொடியில் காய்ந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அம்மாவுக்குத் தெரியாமல் இதைக் கொடுக்கிறேன். எனக்குப் பதில் எழுதாதே."

துணி காய்ந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள் நத்தலி. பாஸ்டர் வாசித்தார். இன்னொருமுறை என்றாள். அதையும் வாசித்தார்.

6

நத்தலி பிழைத்துவிட்டாள். இன்றைக்கும் மேசின் சத்தத்துக்கு மேலாக என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் எழுத வந்தது மச்சை ஏற்றிய நாளைப் பற்றி.

ஆனி மாதம். சியோலிலிருந்து விமானத்தில் ஒருவர் பனிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பை அது. பார்த்தால் இரத்தப் பை போலத்தான், நிறம் கொஞ்சம் வெளிறியது. ஏற்றும்போது தாதி எல்லாவற்றையும் விளக்கினார். இனி இவள் உடம்பில் உண்டாகும் இரத்தம் தமக்கையின் இரத்தமாகவே இருக்கும், இரத்தத்தை எடுத்து மரபணு பார்த்தால் தமக்கையைத்தான் காட்டும் என்றார். நத்தலி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மதாம் லிசெத் எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போய் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன்.

அவர் ஆஸ்பத்திரி நடைபாதைக் கதிரையில் உட்கார்ந்தார். ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"முதல் வாரமே என் இரத்தத்தையும் பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தாது என்று தெரிந்தும் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் பொருந்தவில்லை என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். இப்போது அவளுக்குள் ஓடப்போவதும் அவர்களுடையது. நான் அவளுக்கு யார், ராஜ்?"

எனக்கு அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் சும்மா இருக்கத் தெரியாது. ஏதாவது சொல்லவேண்டும். வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் மட்டக்களப்பில் குடி என்று ஒரு குலப்பிரிவு இருக்கிறது, அது தகப்பனால் வருவதில்லை, தாயால் வருகிறது என்றேன். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை, அவர்கள் எல்லாரும் சகோதரம். கோயில் திருவிழாவில் இந்த நாள் இந்தக் குடிக்கு என்று இருக்கும். தகப்பன் ஊரை ஆண்டாலும் பிள்ளைக்குத் தாயின் குடிதான்.

மதாம் லிசெத் கவனமாகக் கேட்டார். பால்பண்ணைக் கணக்குப் பார்த்தவர், ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டி.

"பெற்ற தாயா, வளர்த்த தாயா?"

"வளர்த்த தாய்," என்றேன்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு கேள்வியை எங்கள் கோயிலில் யாரும் கேட்டு நான் கண்டதில்லை. வாசிக்கிறவர்களில் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதவேண்டாம்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆனால் எனக்குத்தான் குடி இல்லையே, அவளுக்கு எப்படிக் கொடுப்பது என்றார். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். படையாண்ட குடி, இனி நீங்கள் எனக்கு அக்கா என்றேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. ஆண்பிள்ளை குடியைக் கொடுக்க முடியாது. அது எனக்கு அம்மா தந்தது, என்னோடு நின்றுபோவது. அவர் பெயரைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. அர்த்தம் கேட்டார். படையை ஆண்டவர்கள் என்றேன். என் அப்பா மாடு மேய்த்தவர் என்று சொல்லி, அழுத கண்ணோடு சிரித்தார். எழுந்து கைகழுவி, திரும்பவும் கையுறை போட்டு, உள்ளே போய் நத்தலியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கண்ணாடிக்கு இப்பால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நத்தலி கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யாழ்ப்பாணம். அங்கே இப்படித் தாய்வழிக் குடி கிடையாது. கல்யாணத்தின்போது பிறக்கப்போகும் பிள்ளைக்குக் குடி இராது என்று என் பக்கத்துச் சொந்தங்கள் சொல்லிச் சொல்லிக் குத்தியது அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"என்ர பிள்ளைக்கு இல்லையெண்டு உங்கட ஆக்கள் சொன்னதை, நீங்கள் போய் ஒரு வெள்ளைக்காரிக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறியள் என்ன?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் கபிலன் கதவடியில் வந்து நின்றான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. காதில் மாட்டியிருந்ததை இரண்டு பக்கமும் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அப்ப நான் என்ன குடி, அப்பா?" என்று கேட்டான்.

அவன் என்னிடம் தமிழில் கேள்வி கேட்டுப் பல வருடமாகியிருந்தது. உறவே இல்லாத கிழவிக்கு நடைபாதையில் அரைநிமிடத்தில் என் குடியை எடுத்துக் கொடுத்தவன் நான். என் மகனுக்கு அன்று எந்த மொழியிலும் ஒரு சொல் வரவில்லை. அவன் கழற்றியதைத் திரும்பக் காதில் மாட்டினான். பிறகு பரவாயில்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனான்.